பதினேழாம் நம்பர் ஸ்பானர்

வண்டிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்பானரக்கா. நேரில் பார்த்தால் வெறும் அக்கா. முதுகுக்குப் பின்னால் ஸ்பானர் சேர்ந்துகொள்ளும். நகர எல்லைக்குள் ஓடுகிற டீசல் வண்டி எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக் கூடத்துக்கு வந்தாக வேண்டும். வந்தால் அங்கிருக்கும் இரண்டு தடங்களில் ஒன்றில் நின்றாக வேண்டும். முதல் தடத்துக்குக் கை காட்டினால் முகம் மலரும். இரண்டாம் தடம் என்றால், "இன்னிக்கு நம்ம நேரம் சரியில்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டாம் தடத்தில் அவள் பத்தொன்பது வருஷமாக நின்றாள்.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, முன்னும் பின்னும் திறப்பு, தரையில் தடத்துக்கு ஒன்றாக நீளமான குழி. வண்டி குழிக்கு மேலே ஏறி நிற்கும். அவள் ஐந்து படி இறங்கி அதன் வயிற்றைப் பார்ப்பாள். பிறகு மேலே வந்து, புகைக்குழாயில் கருவியின் குழலைச் செருகி, ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து விடுவாள். நான்கு தடவை. வண்டி கத்தும், கரியைக் கக்கும், கருவி ஓர் எண்ணைக் காட்டும். எண் கோட்டுக்குக் கீழே இருந்தால் பாஸ். மேலே போனால் ஃபெயில்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனை என்று ஒன்று வந்துவிட்டால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு மூளை வருமோ! ஆக்ஸிலேட்டர் முழுசாக இறங்கினால்தானே புகை வரும் என்று அதற்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதனால் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதலில் குனிந்து மிதிக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவாள். மரக்கட்டை, கல், மடித்த செருப்பு எல்லாம் கிடைத்திருக்கின்றன. ஒருமுறை பாதி தேய்ந்த சோப்புக் கட்டி கிடைத்தது. அதை எடுத்து நீட்டி, "குளிக்க வந்தியாப்பா, டெஸ்டுக்கு வந்தியா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. சோப்புக்காரனும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

அதைவிடப் பழைய தந்திரம் சூடேற்றுவது. சோதனைக்கு முன்னால் வெளிவட்டச் சாலையில் ஒரு மணி நேரம் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டினால் உள்ளே அடைந்திருக்கும் கரியெல்லாம் வழியிலேயே பறந்துவிடும். என்ஜின் கொதிக்கக் கொதிக்கக் கூடத்துக்குள் நுழைந்தால் அழுமூஞ்சி வண்டிகூட முகம் கழுவிப் பவுடர் போட்டது மாதிரி நல்ல எண்ணைக் காட்டும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அவள் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பாள். சுட்டால் ஒரே வார்த்தை சொல்வாள்.

"ஆறட்டும்."

"அக்கா, லோடு நிக்குதுக்கா."

"நிக்கட்டும். வண்டி ஆறட்டும்."

கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, யாரைத் தெரியும் என்று போனை எடுத்தாலும் சரி, அவள் பதில் மாறாது. "நான் ஃபெயில் போடலப்பா. வண்டி ஃபெயில் ஆகுது. நான் எழுதத்தான் செய்யறேன்." நீல மை பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுப்பாள். கல்லுளிமங்கி என்று திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

ஸ்பானர் என்ற பெயர் வந்தது பின்னால்தான். புதுவகை டீசல் பிக்கப் வண்டிகள் அடிவயிற்றில் ஒரு ஃபில்டர் டப்பாவோடு வர ஆரம்பித்தன. டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள சுட்ட மண் கட்டி ஒன்று இருக்கும். என்ஜின் கக்குகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நெடுந்தூரம் நிற்காமல் ஓடிச் சூடேறினால் அந்தக் கரி தானாக எரிந்து போகும். ஆனால் தெருவுக்குத் தெரு நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், முன்பக்கம் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. புது ஃபில்டர் வாங்க யாருக்கும் மனசு வராது. மெக்கானிக் டப்பாவை வெட்டி, உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டு வைத்து, மேலே கொஞ்சம் சேற்றையும் அப்பிவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் டப்பா இருக்கும். சூடேற்றி வந்தால் எண்ணும் சரியாக இருக்கும்.

நகர நிர்வாகம் ஒரு விதி போட்டது. ஃபில்டர் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இல்லையென்றால் எல்லைக்குள் ஆறு மாதம் ஓட அனுமதி இல்லை. படிவத்தில் புதிதாக ஒரு வரி வந்தது. எப்படிச் சோதிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் ஒரு நாள் வீட்டுச் சமையலறையில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டதா என்று விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது. மறுநாள் பதினேழாம் நம்பர் ஸ்பானரோடு குழியில் இறங்கினாள். நிறைந்த டப்பா 'தொக்' என்றது. காலி டப்பா 'டங்' என்று பாடியது. அவ்வளவுதான். ஊரிலுள்ள மெக்கானிக்குகள் எல்லாம் அவள் தலையில் இடி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

வீட்டில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்கு ஒன்பது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றாள். அவன் முடித்தபோது கேட்டு வர ஆள் இல்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், மாடியை அவர்களுக்கு விட்டுவிட்டுக் கீழே இரண்டு அறைகளில் இருந்தாள். தம்பி சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி, பேக்கரி ரொட்டியைக் கடை கடையாகப் போட்டு வந்தான். வண்டியை முதன்முதலாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் அதன் வயிற்றுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், "நல்ல வண்டிடா" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிய ஒரே வண்டி அதுதான்.

"வாரத்துக்கு ஒரு நாள் பாலம் தாண்டி அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுடா. ஃபில்டர் தானா எரிச்சுக்கும்," என்று சொல்லியிருந்தாள்.

"ரொட்டிய நீ போடுவியாக்கா?" என்று சிரித்தான் அவன்.

முதல் தடத்துக்காரரை எல்லோரும் மீசை என்பார்கள். அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர், இளகிய மனசுக்காரர், அதனால்தான் முதல் தடத்துக்கு அவ்வளவு மவுசு. அவருக்கும் அவளுக்கும் இடையே பொதுவாக இருந்தது ஒரு மின்விசிறி. புகையைத் தடிமனான ரப்பர் குழாய் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி. அதன் மோட்டார் எரிந்து போய் நாலு வருஷமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியும் கக்குவதில் பாதி கூடத்துக்குள்ளேயே நின்றது. இரண்டு பேரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். மாலையில் துணியை அவிழ்த்தால் மூக்குக்கு நேராக இரண்டு கறுப்பு வட்டங்கள் இருக்கும். மீசை தன் துணியைக் காட்டி, "பாரும்மா, எனக்கு மீசை உள்ளயும் முளைக்குது," என்பார்.

வருஷத்துக்கு ஒரு நாள் மருத்துவ வேன் வரும். உயரம், எடை, கண், கடைசியாக ஓர் ஊதுகுழாய். மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சாக ஊத வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வேலைக்குத் தகுதி. தாண்டாவிட்டால் வீட்டுக்கு. வேறு இருக்கை, வேறு வேலை என்ற பேச்சே அந்த ஒப்பந்தத்தில் கிடையாது.

விசிறி நின்ற முதல் வருஷமே மீசை ஊதினார். முள் பாதி வழியில் நின்றது. இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள், இருமல்தான் வந்தது. அன்று மாலை சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் அவருக்கு அடுத்து நின்றவள் அவள். அவள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

அப்போதே அவளால் குழியின் ஐந்து படிகளையும் ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. மூன்றாம் படியில் நின்று, எதையோ உற்றுப் பார்ப்பதுபோல வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஏறுவாள். ரொம்ப உன்னிப்பாகப் பார்க்கிறாள் என்று ஓட்டுநர்கள் பயந்தார்கள். அடுத்த வருஷம் முள் கோட்டைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிழைப்புப் போய்விடும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கீழ் அறையில் வெறுமனே உட்கார்ந்து தம்பி கையை எதிர்பார்ப்பது. இரண்டாம் தடம் இல்லாவிட்டால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அத்தனை வருஷம் கள்ளர்களையே பிடித்துக்கொண்டிருந்தவளுக்குக் களவு கற்றுத்தர வேறு ஆள் வேண்டுமா? வேன் வருகிற நாள் காலையில் மூச்சு விரிய உறிஞ்சுகிற மருந்தை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, நாலு இழுப்பு இழுத்துக்கொண்டாள். கூடத்துக்குப் பேருந்தில் போகாமல் மெல்ல நடந்தே போனாள். சூடேற்றிக்கொண்டு வருவது என்பது அதுதான். ஊதுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். டீசல் டியூப் அடைத்துக்கொண்டால் மெக்கானிக் அதை வாயில் வைத்து ஊதுவான். நெஞ்சிலிருந்து ஊத மாட்டான். கன்னத்தை உப்பி, நாக்கால் அடைத்து, துப்புகிற மாதிரி ஒரே வெட்டாக விடுவான். அவளும் அப்படி விட்டாள். முள் எகிறிக் குதித்தது.

"சூப்பர்மா," என்று சொல்லி எழுதிக்கொண்டார் வேன்காரர். அவர் அவள் நெஞ்சில் கை வைத்து, ஆறட்டும் என்று சொல்லவில்லை. அவருக்கு மற்றக் கூடங்களில் இன்னும் நாற்பது பேர் பாக்கி.

இப்படி மூன்று வருஷம். ஒவ்வொரு வருஷமும் பாஸ்.

நடுவில் அவள் விசிறிக்காக மனு எழுதினாள். ஒன்றல்ல, மூன்று மனு. முதல் இரண்டும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவதுக்குப் பதில் வந்தது. கூடத்தின் சூப்பர்வைசர், நல்லவரும் இல்லை கெட்டவரும் இல்லை, மேலிடத்துக் கடிதத்தை வரி பிசகாமல் படித்துக் காட்டுகிறவர், அதை வாசித்தார். "மேற்படி கூடத்தின் பணியாளர் தொடர்ந்து உடல் தகுதி பெற்று வருவதால் விசிறி மாற்றம் தற்போது அவசரம் எனக் கருதப்படவில்லை."

"உங்க ரிப்போர்ட்டைத்தாம்மா சொல்றாங்க," என்றார் சூப்பர்வைசர், அவளைப் பாராட்டுகிற மாதிரி. "புகையில இத்தனை வருஷம் நின்னும் உங்க முள் ஏறிக்கிட்டே போகுதாம்."

அவள் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் வாயாலேயே தனக்கு ஆப்பு வைத்துக்கொண்டோம் என்பது அந்த நிமிஷமே புரிந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். அவளுக்கு ஒன்பது தேவைப்படவில்லை, சும்மா இருந்தாலே போதுமாக இருந்தது.

இந்த வருஷம் வேன் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், ஆறு மாதத் தவணைக்குத் தம்பியின் பிக்கப் வந்தது. உறவுக்காரர் வண்டி என்றால் மற்றத் தடத்துக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் மீசைக்குப் பிறகு முதல் தடத்துக்கு ஆள் போடவே இல்லை. தம்பி இறங்கினான். அவள் பானெட்டில் கை வைத்தாள். கொதித்தது.

அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். பின்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. எல்லா ஓட்டுநர்களுக்கும் இது அக்காவின் தம்பி வண்டி என்று தெரியும். நடக்கப்போவதைப் பார்க்க நாலு பேர் இறங்கியே வந்துவிட்டார்கள்.

"ஆறட்டும்," என்றாள்.

அரை மணி நேரம் கழித்துக் குழியில் இறங்கினாள். டப்பாவின் விளிம்பில் புது வெல்டு ஓடியிருந்தது. மேலே சேறு. அவள் ஸ்பானரை ஓங்கவே இல்லை, சும்மா தொட்டாள். 'டங்.' குழியைச் சுற்றி நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. தம்பியின் காதிலும் விழுந்தது.

மூன்றாம் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். தம்பி கிட்டே வந்தான்.

"அக்கா, லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வண்டி மேட்டுல ஏறல. ரொட்டி லேட்டானா கடைக்காரன் வேற ஆளப் பாத்துக்கறான். நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவன்னு தெரியாதா?" அவன் குரலைத் தணித்தான். "ஒரே ஒரு தடவைக்கா. அடுத்த தடவைக்குள்ள புதுசு மாட்டிடறேன். உன் மேல சத்தியம்."

அவள் படிவத்தை எடுத்தாள். பேனாவுக்குத் தோள்பையில் கையை விட்டாள். அதே பையில்தான் மூச்சு மருந்தும் இருந்தது. பேனாவை எடுக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவள் நெஞ்சே அவளைக் காறித் துப்பியது. இருந்தாலும் ஏழெட்டு வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபில்டர் உள்ளதா என்ற வரிக்கு நேராக இல்லை என்று எழுதினாள்.

"நான் ஃபெயில் போடலடா. வண்டி..."

"அதையெல்லாம் மத்தவங்ககிட்ட சொல்லு," என்றான் அவன். "உனக்கு அந்த ஸ்பானர்தான் தம்பி. நான் இல்ல."

ரொட்டி வேலை போனது. வண்டியை விற்றுவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சோதனை விதி எட்டாத ஊரில், வேறொருவரின் லாரிக்கு ஓட்டுநராகப் போனான். வாரத்துக்கு ஒருமுறை வருவான், கீழ் அறை வாசலைத் தாண்டி நேரே மாடி ஏறுவான். அவன் மனைவிதான் சில நாள் இறங்கி வந்து, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவன் காலடிச் சத்தம் படியில் ஏறுவதைக் கேட்டுக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். எட்டுப் படி, திருப்பம், மறுபடி எட்டுப் படி. என்ன மூச்சு பையனுக்கு என்று நினைப்பாள். அழுகையும் வரும்.

மூன்றாவது வருஷமாக இந்த வருஷமும் வேன் வந்தது. ஆறு இழுப்பு இழுத்துக்கொண்டு போனாள். கன்னத்தை உப்பினாள், துப்பினாள். பாஸ்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாவது வண்டிக்குக் குழியில் இறங்கியவள் மேலே வரவில்லை. மூன்றாம் படியில் வழக்கம்போல நின்றாள். ஓட்டுநர் காத்திருந்தார். அக்கா உன்னிப்பாகப் பார்க்கிறாள் என்றுதான் அவரும் நினைத்தார். ரொம்ப நேரமாகவே, "அக்கா, நிஜமாவே ஃபில்டர் உள்ள இருக்குக்கா, தட்டிப் பாருங்க," என்று குனிந்து சொன்னார். அவள் படியில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்பானர் மட்டும் கையில் இருந்தது. யாரைக் கண்டால் குலை நடுங்குமோ அவளை வண்டிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கி, யாருடையதோ ஒரு பிக்கப்பின் பின்னால் கிடத்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த தாளில், அவசரத்துக்கு அழைக்க என்ற இடத்தில் தம்பியின் எண் இருந்தது. பாலம் தாண்டி வந்து சேர அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வந்தபோது அவள் மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார வைத்திருந்தார்கள். அவன் கட்டில் கால்மாட்டில் நின்றான்.

சூப்பர்வைசர் கையில் கோப்போடு வந்திருந்தார். "எல்லா வருஷமும் பாஸ்மா நீங்க. அதனால இது வேலையால வந்ததுன்னு ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு, சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் போல, "ரெண்டாம் தடத்தப் பத்திக் கவலப்படாதீங்க. நாளைக்கே ஒரு பொண்ணு வருது. இருபத்தாறு வயசு. ஸ்பானர எடுத்து வச்சிருக்கேன்," என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் இருபத்தாறு வயதில்தான் அந்தக் குழியில் முதன்முதலாக இறங்கினாள்.

டாக்டர் அம்மா வந்து கோப்பைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. "போன மாசம்கூட ரொம்ப நல்லா ஊதியிருக்கீங்களே. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்... எல்லாமே நல்லா இருக்கு. ஒரு மாசத்துல இப்படி ஆகாதே? சரி, திரும்பி உக்காருங்க, முதுகைக் காட்டுங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். காது மட்டும் எப்படியும் கேட்கும். டாக்டர் இடது கையின் நடுவிரலை அவள் முதுகில் படிய வைத்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டினார். மேலிருந்து கீழாக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அறையில் வேறு சத்தமே இல்லை.

அவளுக்கு இரண்டாவது தட்டிலேயே தெரிந்துவிட்டது. அது நிறைந்த சத்தம் இல்லை. எலும்பும் தோலும் போர்த்தியிருந்ததால் கொஞ்சம் அமுங்கிக் கேட்டதே தவிர, இத்தனை வருஷ ஸ்பானர் பழக்கத்தில் அந்தச் சத்தத்தை அவள் எந்தத் தூக்கத்திலும் அடையாளம் சொல்லுவாள். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்திலும் ரத்தம் இல்லை. அவனும் அந்தச் சத்தத்தைக் குழிக்கு மேலே நின்று கேட்டவன்தானே.

"உள்ள ஒண்ணும் இல்ல, இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் கையை எடுத்தார். "நுரையீரல் ரொம்பப் பழுதாகி, உள்ள வெறும் காத்தா நிக்குதும்மா. படம் எடுத்துப் பாக்கணும். ஆனா இது ஒரு மாசத்து வேலை இல்ல. நாலஞ்சு வருஷம் முன்னாடியே உங்களப் புகையிலேர்ந்து வெளிய எடுத்திருக்கணும். போனது இனி திரும்ப வராது. அந்த ரிப்போர்ட்டெல்லாம் எப்படிப் பாஸ் ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல."

அவள் சொன்னாள். மூச்சுக்கு நடுவே இரண்டிரண்டு வார்த்தையாக, மருந்து இழுத்ததை, நடந்து போனதை, கன்னத்தை உப்பியதை, எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பர்வைசர் கோப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார்.

தம்பி கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. "என் வண்டிய ஃபெயில் போட்டியே," என்றான். உதடு கோணியது. ஒன்பது வயதில் அழுத அதே முகம். "உன்ன ஏன்க்கா பாஸ் போட்ட?"

அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மூச்சு கொஞ்சம் நிதானப்படும் வரை காத்திருந்தாள். பிறகு சூப்பர்வைசரிடம் கையை நீட்டி, "ஒரு தாள் குடுங்க சார்," என்றாள்.

"எதுக்கும்மா? இப்ப இதையெல்லாம் எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான் வம்பு. பொய் ரிப்போர்ட்டுன்னு கேஸ்கூடப் போடுவாங்க. வரவேண்டியது எதுவும் வராது."

"அந்தப் பொண்ணு நாளைக்குக் குழியில இறங்கப் போகுதுல்ல? என் பாஸக் காட்டித்தானே ஃபேன் வேணாம்னாங்க."

சூப்பர்வைசர் ஒரு தாளை உருவிக் கொடுத்தார். அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. தம்பியிடம் கொடுத்தாள். அவன் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எழுதுடா," என்றாள். "ரெண்டாம் தடத்துல வேலை பாக்குறவ. மூணு வருஷம்."

எழுதினான்.

"மூணு வருஷமும் ஃபெயில்."